கயிற்றில் ஏறும் செய்தி, கயிற்றில் இறங்கும் கீரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூன் நகரின் மாடி வீடுகளுக்கு முன்னால் தொங்கும் கயிறுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கயிற்றின் நுனியில் ஒரு கவ்வி. சில வீடுகளில் மேலே ஒரு சிறு மணி. பேப்பர்காரர் கீழே நின்று நாளிதழைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் ஐந்தாம் மாடிக்காரர் இழுத்துக்கொள்வார். ஆனால் சில ஆண்டுகளாக அந்தக் கயிற்றில் ஏறி வருவதில் நல்ல சேதி குறைவு. 2025 மார்ச் 28 பகல் 12.50 மணிக்கு மத்திய பர்மாவின் சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி குலுங்கியது. அதற்கு முன்னும் பின்னும் சண்டை, விலைவாசி, மின்வெட்டு. கயிற்றையே சுருட்டி வைத்துவிடலாமா என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. சுருட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காகிதத்தில் வரும் செய்திக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. கைபேசியில் வருவதற்கு அது இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு ஆய்வாளர்கள் மக்களின் மனநிலையை விசாரித்தார்கள். அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வெடித்த இடத்தில் நேரில் இருந்தவர்களைவிடவும் மனப் பதற்றம் அதிகமாக இருந்தது. நேரில் ஒருமுறை நடந்தது, திரையில் நூறு முறை நடக்கிறது.

ஆகவே செய்திக்கு நேரம் ஒதுக்குங்கள். காலையில் அரை மணி, மாலையில் இருபது நிமிடம் போதும். கண் விழித்தவுடன் வேண்டாம். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரமும் வேண்டாம். வந்த படத்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். வேறு நாட்டில் வேறு ஆண்டில் எடுத்த படம் நம் ஊர்ப் படமாகச் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. இன்ன தேதியில் மறுபடி பூமி அதிரும் என்று எவர் சொன்னாலும் நம்பக் கூடாது. நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்கும் முறை உலகில் எவரிடமும் இல்லை. அந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளோடு ராத்தூக்கத்தைத் தொலைப்பதுதான் மிச்சம்.

இப்படி மிச்சப்படும் நேரத்தில் என்ன செய்வது? மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் கையாளும் முறைகளில் ஒன்று, மனம் தெளியட்டும் என்று காத்திராமல் முதலில் ஒரு சிறு வேலையைக் குறித்த நேரத்தில் செய்ய வைப்பது. கை நகர்ந்தால் மனம் பின்னால் வரும். அந்த வேலைக்கு ஒரு முடிவு வேண்டும், முடிவு கண்ணில் பட வேண்டும். ரங்கூன் மாடி வீட்டில் அதற்குக் கசூன் கீரையைப் போல் வேறொன்று இல்லை. தமிழ்நாட்டில் வள்ளைக்கீரை என்பார்கள்.

விதைகூட வேண்டாம். கடைத்தெருவில் வாங்கிய கட்டில் தண்டு தடித்ததாகப் பத்துப் பதினைந்தைப் பொறுக்குங்கள். மேல்பாகத்தைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, அடியில் ஒரு சாண் விடுங்கள். மூன்று நான்கு கணுவாவது இருக்க வேண்டும். கீழ் இரண்டு கணு மூழ்கும்படி ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, நிழலில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அடித்தண்டு வழவழத்து நாறும், பிறகு பிழைக்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். மாற்றி வந்தால் ஒரு வாரத்துக்குள் கணுவில் வெள்ளை வேர் தெரியும். அந்த வேரைப் பார்க்கிற காலை, எந்தத் தலைப்புச் செய்தியும் தர முடியாத ஒன்றைத் தருகிறது.

நடுவதற்கு, மீன் வரும் தெர்மாகோல் பெட்டி போதும். ஒரு சாண் ஆழம் இருந்தால் சரி. மற்றச் செடிக்கு அடியில் துளை போடுவோம். கசூனுக்கு ஈரம் நிற்க வேண்டும் என்பதால் அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், பக்கவாட்டில் நான்கு துளை. மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரியை விட்டுவிடாதீர்கள், பெட்டியின் கனத்தைக் குறைப்பது அதுதான். ஈரமண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். இருபது லிட்டர்ப் பெட்டி என்றால் முப்பது கிலோ. நகரின் பழைய கட்டடங்களில் வெளியே நீண்ட பால்கனியின் ஓரத்தில் அதை வைக்கவே கூடாது, சுவரோரம் வையுங்கள். விரிசல் கண்ட பால்கனியில் பெட்டியே வேண்டாம். ஜன்னல் உட்புறம் இரண்டு சட்டி போதும்.

ஐந்தாறு மணி நேர வெயில் கிடைத்தால் மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும். வெயில் போதாவிட்டால் தண்டு நூலாக நீளும். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அது பூஞ்சை போன்ற ஒரு நோய். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டு, தண்ணீரை இலைமேல் படாமல் வேரில் ஊற்றுங்கள். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாத நாளில் அரிசி கழுவிய தண்ணீரே போதும். அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், மறுநாள் புளித்து நாறும். பெட்டியில் மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்கவும் விடாதீர்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

பர்மியர் சின்பாவ்ங் என்று விரும்பிச் சாப்பிடும் புளிச்சகீரையை மழை முடிகிற ஐப்பசியில் விதைக்காதீர்கள். பகல் குறுகினால் அது பூக்கப் போய்விடும், இலை சிறுக்கும். வைகாசியில் முதல் மழையோடு விதையுங்கள். கறிவேப்பிலைக்குப் பொறுமை வேண்டும். பழுத்த கருப்புப் பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும், காய்ந்த விதை முளைக்காது. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைக்கும். குளிர்காலத்தில் துளிர்விடாமல் நின்றால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

செடி வளர்க்க இடமே இல்லாதவர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நடந்த நல்லவை மூன்றையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் இரவில் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதியவர்களின் மனச்சோர்வு குறைந்ததையும், அந்தப் பலன் ஆறு மாதம் வரை நீடித்ததையும் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். "குடும்பம், உடல்நலம்" என்று தினமும் ஒரே சொல்லை எழுதினால் நான்காம் நாளே சலித்துவிடும். "எதிர்வீட்டு அக்கா மோட்டார் ஓடியபோது நம் குடத்தையும் நிரப்பி வைத்தார், நான் வேலையில் இருந்தது அவருக்குத் தெரியும்" என்று எழுதுங்கள். காரணத்தை எழுதும்போதுதான், நல்லதும் யாரோ ஒருவர் செய்ததால்தான் நடக்கிறது என்பது பிடிபடும்.

இவை எல்லாம் மருந்து ஆகாது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீடு இடிந்து நிற்பவரிடம் போய்க் கீரை வளர்க்கச் சொல்வதும் தகாது. அவருக்கு முதலில் கூரையும் அரிசியும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கை ஊட்டுவதாக நினைத்து நாளிதழ்கள் பொன்மொழிகளைக் கட்டம் கட்டிப் போடுகின்றன. அந்த இடத்தில் வாரம் ஒருமுறை, அந்தந்தப் பருவத்தில் விதைக்க வேண்டியது என்ன, எத்தனை நாளில் முளைக்கும், எங்கே தவறும் என்று அளவோடு பத்து வரி போடுங்கள். அதை வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுவார்கள்.

அறுத்த கீரை வீட்டுத் தேவைக்கு மிஞ்சும். கால் வீசையைக் கட்டி, கீழ் மாடிக்கு அதே கயிற்றில் இறக்குங்கள். பர்மா வீசை 1.6 கிலோவுக்குச் சற்று மேல், ஆகவே கால் வீசை என்பது ஏறக்குறைய நானூறு கிராம். கவ்வி பேப்பரைத் தாங்கும், கீரையைத் தாங்காது. துணிப்பையில் போட்டுக் காதைக் கயிற்றோடு முடிச்சிடுங்கள். மழையில் நைலான் கயிறு கையில் வழுக்கும். முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தால் பிடிக்கலாம். இறக்கும் முன் குரல் கொடுங்கள், கீழே நடைபாதையில் ஆள் போவார்கள்.

அன்புடன்,
மாடித் தோட்ட வாசகர்,
ரங்கூன்