புளி போட்டுத் துலக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாம் கட்டு அறைகளை ஒதுங்க வைக்கும்போது, பித்தளைச் சாமான்களோடு சின்ன உலோகக் கார்களும் அகப்படுவதுண்டு. பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருமுன்பே பல பாழாகிவிடுகின்றன. குத்துவிளக்கைப் போல அவற்றையும் புளி போட்டுத் துலக்கிவிடுகிறார்கள். இவை பித்தளை அல்ல, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. புளியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். பெயின்ட் அடியோடு கிளம்பும். ஈரம் தங்கினால் இரும்பு அச்சு துருவேறிச் சக்கரம் இறுகிவிடும்.

காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். பிசுக்கு இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்து, பஞ்சுக்குச்சியால் ஒற்றி உடனே துடைக்கலாம். ஸ்டிக்கரைத் தொட வேண்டாம். தின்னர் பட்டால் ஜன்னல் பிளாஸ்டிக் மங்கிவிடும். கழன்ற ஜன்னலை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் அதன் ஆவியே வெள்ளையாகப் படியும். வெள்ளைப் பசைதான் சரி. உடம்பில் மெல்லிய வெடிப்பு ஓடி, உலோகம் உப்பியிருந்தால் கலவையில் ஈயம் சேர்ந்த கோளாறு. அதற்கு மருந்து இல்லை. பக்கத்துக் காருக்குத் தொற்றவும் செய்யாது.

மறுபெயின்ட் அடிப்பது இதைவிடப் பெரிய நஷ்டம். இங்கிலாந்தின் 'டிங்கி' பொம்மைக் கார் அச்சுகளைக் கொண்டு 1960-களின் பிற்பகுதியிலிருந்து நம் நாட்டில் வார்த்த கார்களின் அடித்தட்டில் 'நிக்கி' என்றிருக்கும். அந்த எழுத்தைப் பெயின்ட் மூடிவிட்டால் அடையாளமே போயிற்று. அம்பாசடர் மாடல்களிலும் அப்படித்தான்: 1962-ல் வந்த இரண்டாம் வடிவமான மார்க் 2-வின் முன்பக்க கிரில்லில் நெருக்கமான கட்டங்கள் உண்டு, வெள்ளிப் பெயின்ட் அவற்றை நிரப்பிவிட்டால் எந்த மார்க் என்று யாரும் சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் வெர்னியர் அளவுகோல் கொண்டு அளக்கட்டும். அசல் அம்பாசடரின் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே 2464 மி.மீ.; பிரீமியர் பத்மினியில் 2340 மி.மீ. மாடலில் அந்த இடைவெளியை அளந்து, அசல் அளவை அதனால் வகுத்தால் விகிதம் தெரியும். 1:43, அதாவது அசலில் 43-ல் ஒரு பங்கு என்றால் அம்பாசடருக்கு 57 மி.மீ., பத்மினிக்கு 54 மி.மீ. வர வேண்டும். அம்பாசடரின் அகலம் சுமார் 1660 மி.மீ.; அதையும் மாடலின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு விகிதமும் ஒத்துவராவிட்டால் அது கணக்கில்லாமல் செய்த பொம்மை. விளையாடக் கொடுக்கலாம், மாடல் என்று விலை கொடுக்க வேண்டாம்.

பெட்டி கிழிந்திருந்தாலும் காரோடு இருக்கட்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம். வெயிலில் உருகிப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். பீரோவில் அந்துருண்டை கூடாது, அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மிருதுவான டயர்களும் நாளடைவில் தாம் நிற்கும் பிளாஸ்டிக் தட்டை அரிக்கும். அடித்தட்டுக்குக் கீழே சின்ன அட்டைத் துண்டு வைத்துச் சக்கரங்களைத் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
சிற்றளவு கார் சேகரிக்கும் நண்பர்கள்,
காரைக்குடி