பலகைக்கு முன் கயிற்றைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் தடுமாறி விழுவதை ஆராய, பொறியியல் மாணவர்கள் தாங்களே அளவீட்டுப் பலகை செய்கிறார்கள். எடை மெஷினில் வரும் லோடு செல் நான்கை மூலைக்கு ஒன்றாக வைத்து, நிற்பவரின் கால் அழுத்தத்தின் மையம் எப்படி அலைகிறது என்று பார்ப்பார்கள். மலிவான, நல்ல வழிதான். ஆனால் பணமும் கவனமும் பலகையிலேயே தீர்ந்துபோய், ஆளைத் தாங்கும் கயிறு கடைசி நாள் வேலையாகிவிடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 10 செ.மீ. சரிந்தபின் கயிறு இறுகி, அடுத்த 5 செ.மீ.க்குள் அவரை நிறுத்தினால், கொக்கியில் சராசரியாகவே 180 கிலோ இழுவை விழும்; உச்சம் அதற்கும் மேல். ஃபேன் மாட்டும் கொக்கியை இதற்கு நம்பவே கூடாது. இடுப்பு பெல்ட்டும் வேண்டாம், மொத்த எடையும் வயிற்றிலும் விலாவிலும் இறங்கிவிடும். உயரத்தில் வேலை செய்வோர் அணியும், தோளையும் தொடையையும் சுற்றிவரும் முழு உடல் ஹார்னஸ்தான் சரி. முதலில் ஆளைவிட ஒன்றரை மடங்கு எடையில் மணல் மூட்டையைக் கட்டி விழவிடுங்கள். பிறகு ஆள் மெல்லத் தொங்கிப் பார்க்கட்டும்; முழங்கால் தரைக்கு ஒரு சாணாவது மேலே நிற்க வேண்டும்.

அதற்காகக் கயிற்றை விறைப்பாகக் கட்டினால் அளவு பொய்யாகிவிடும். விரல் நுனியால் எதையாவது லேசாகத் தொட்டாலே, நூறு கிராம் அழுத்தம்கூட இல்லாத அந்தத் தொடுகையிலேயே, உடலின் ஆட்டம் குறைகிறது என்பது 1990களிலேயே தெரிந்த விஷயம். முதுகை இழுத்துப் பிடிக்கும் கயிறும் அதே உதவியைச் செய்துவிடக்கூடும். நிற்கும்போது கயிறு தொய்ந்தே இருக்கட்டும்.

பலகையிலும் ஒன்று. லோடு செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்.எக்ஸ்.711 சிப் வைத்த ரெடிமேட் போர்டுகள் பலவும் நொடிக்கு 10 அளவு மட்டுமே எடுக்கும்படி வருகின்றன. வேகமான ஆட்டம் அதில் சிக்காது. சிப்பில் இந்த வேகத்தைத் தீர்மானிக்கும் ரேட் பின்னை கிரவுண்டிலிருந்து விடுவித்து சப்ளையோடு சேர்த்தால் 80 கிடைக்கும். கூடவே இரைச்சலும், அதாவது அளவில் வரும் பொய்யான சிறு ஏற்ற இறக்கமும், ஏறும். இரைச்சல் ஏறினால் மையம் அலைந்த தூரமும் பொய்யாக நீளும். இரைச்சலைக் குறைக்க எந்த ஃபில்டர் போட்டோம் என்று சொல்லாமல் இரண்டு ஆய்வகங்களின் தூரத்தை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

சரிபார்க்க, 20 கிலோ படிக்கல்லை நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள்; திரையிலும் 10 வர வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் பிசகினால் பலகை வளைகிறது, அல்லது லோடு செல்களின் அளவுத்திருத்தம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. திரையில் கோடு திடீரென்று குதித்தால் பலகையின் ஒரு கால் தரையில் படியவில்லை. அந்தக் காலில் மரையாணி வைத்துச் சமப்படுத்தலாம்.

மாணவர் கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதும் உங்கள் நிருபர்கள், ஆளை எது தாங்குகிறது, எவ்வளவு எடை கட்டிச் சோதித்தார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உடல் அசைவு ஆய்வுக் கருவிகள் வடிவமைப்போர்