பூட்டிய வீட்டுக் கொல்லைக்கு ஒரு சாவி கொடுங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கு,

வணக்கம். நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. கொல்லையில் மாவும் கொய்யாவும் காய்க்கின்றன, பறிக்க ஆளில்லை. விழுந்து அழுகும் அந்தப் பழங்களில் பெருகும் பழ ஈ, மதில் தாண்டி எங்கள் தோட்டங்களுக்கு வருகிறது.

பெண் ஈ பழத்தோலுக்குள் முட்டை வைக்கும், வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேலும் வைக்கும். ஓரிரு நாளில் பொரிக்கும் புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். மேலே அடிக்கிற மருந்து உள்ளே இருக்கும் புழுவைப் பெரும்பாலும் எட்டாது. ஆனால் ஈயின் எதிரிகளைக் கொன்றுவிடும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

இந்த ஈ ஆசியாவுக்குச் சொந்தம். 1940களில் ஹவாய்க்குள் புகுந்து பழங்களை அழித்தபோது, அதன் எதிரிகளைத் தேடி ஆசியாவுக்குத்தான் வந்தார்கள். கொண்டுபோனவற்றில் நன்றாக வேலை செய்தது ஃபோபியஸ் அரிசானஸ் என்னும் சின்னக் குளவி. பழத்துக்குள் இருக்கும் ஈயின் முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை வைக்கும். ஈயின் புழு வளரும், கூட்டுப்புழுவும் ஆகும். கடைசியில் கூட்டை உடைத்து வெளியே வருவது குளவி! 2003இல் கென்யாவில் இதே ஈ தென்பட்ட பிறகு, ஆப்பிரிக்காவுக்கும் இந்தக் குளவியைக் கொண்டுபோனார்கள். நம் நாட்டிலோ அது இயற்கையாகவே இருக்கிறது.

ஆகவே அழுகிய பழத்தை எரித்துவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, உள்ளே குளவியும் இருக்கலாம். ஒரு டிரம்மில் போட்டு, வாயை வலையால் இறுக்கிக் கட்டினால் போதும். உள்ளே பிறக்கும் ஈ வெளியேற முடியாத, குளவி வெளியேறக்கூடிய கண் உள்ள வலையாக இருக்க வேண்டும். ஹவாயில் இதையே கூடாரம் போலக் கட்டிச் செய்கிறார்கள். டிரம் கிடைக்காவிட்டால் இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம், மேலாக மூடினால் ஈ மண்ணைத் துளைத்து வந்துவிடும். அப்புறம், மாமரத்தில் முசுறுக் கூடு இருந்தால் கலைக்க வேண்டாம். அந்த எறும்பு நடமாடும் பழத்தில் முட்டை வைக்க ஈ தயங்கும்.

வீட்டுக்குப் பங்காளிகள் பலர், ஒருவர் சரி என்றால் இன்னொருவர் யோசிப்பார் என்பது தெரியும். நாங்கள் கேட்பது கொல்லைக் கதவின் சாவி மட்டுமே. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்து, சித்திரை முதல் ஆடி வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பழம் பொறுக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கூலியும் கொடுங்கள். டிரம்மும் வலையும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து மாந்தோப்புக்காரன்