வலது கட்டைவிரல் விஷயமாக, பாஸ்டர் ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய பாஸ்டர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்கிற வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை வைத்து நடந்த மூன்று நாள் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின்தான் மிருகத்தின் முத்திரைக்கு ஒத்திகை என்று ஐயா சொன்னதையும், கூட்டம் முழுக்க எழுந்து ஆமென் போட்டதையும் நான் வீடியோவில்தான் பார்த்தேன். அந்த ஆமென்களில் ஒன்று என் அம்மாவுடையது.

அம்மாவுக்கு 71 வயது. தனி ஆள், தனி கார்டு. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கடையில் வலது கட்டைவிரலை வைக்கவே மாட்டேன் என்கிறார். "வலது கையிலன்னுதானே எழுதியிருக்கு" என்று இடது விரலை நீட்டுகிறார். ஐயா, முப்பது வருஷம் பீடி சுற்றிய கை அது. வலதிலாவது ரேகை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இடது வழவழவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. மெஷின் ஏற்காது, துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார், திரும்பவும் ஏற்காது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்று மாதமாக இதுதான் கதை. கருவிழி பார்க்கிற மெஷின் இருக்கிறதே என்றேன். "கண்ணுக்கு மேலதானே நெத்தி?" என்றார். உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுத் தம்பி வாங்கிவரட்டும், எழுதிக் கொடுக்கலாம் என்றேன். "எனக்காக அவன் முத்திரை வாங்கணுமா?" என்று கேட்டார். இதற்கு மேல் நான் என்ன பேச? இப்போது வெளியில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறார். முதியோர் உதவித்தொகையில் தசமபாகம் மட்டும் ஒரு மாதமும் குறையவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. வருகிற ஞாயிறு ஆராதனையில், பிரசங்க மேடையில் நின்று, "ரேஷன் கடை விரல்ரேகை அந்த முத்திரை அல்ல" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அம்மா நம்ப மாட்டார், நீங்கள் சொன்னால் நம்புவார்.

வேதத்தை நம்பாதவன் பேசுகிறான் என்று தள்ளிவிட வேண்டாம். உங்கள் கையால் ஞானஸ்நானம் எடுத்தவன்தான் நான். மத்தேயு 5:30-இல் உன் வலதுகை உனக்கு இடறலுண்டாக்கினால் தறித்துப்போடு என்று இயேசுவே சொல்கிறார். அதை நீங்கள் பிரசங்கித்தபோது, இது கையைப் பற்றியதல்ல, இச்சையைப் பற்றியது என்று அழகாக விளக்கினீர்கள், நம் சபையில் ஒருவரும் கையில்லாமல் திரியவில்லை. அந்த வலது கை உவமை, இந்த வலது கை மட்டும் அப்படியே கட்டைவிரலா? வெளிப்படுத்தின விசேஷத்திலேயே அடுத்த அதிகாரம் 14-ஐப் புரட்டினால் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவோடு நிற்கிற 1,44,000 பேருடைய நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதைப் பச்சை குத்துவது என்று நீங்கள் சொன்னதில்லை, யாருக்குச் சொந்தம் என்பதற்கான அடையாளம் என்றுதான் சொல்லிக்கொடுத்தீர்கள். நாலைந்து வசனத் தூரத்தில் அர்த்தம் எப்படி மாறிப்போனது?

அந்தப் புஸ்தகம் முதலில் போய்ச் சேர்ந்தது எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ஏழு சபைகளுக்கு. மிருகத்தின் இலக்கம் 666, அந்த இலக்கத்தைக் கணக்குப்பார்க்கக்கடவன் என்றும் அதிலேயே இருக்கிறது. எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் பெயரை நேரோன் கேசர் என்று எழுதிக் கூட்டினால் 666 வரும். கடைசி 'ன்' போனால் 50 குறைந்து 616, சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. வேத அறிஞர்கள் பலர் சொல்கிற கணக்குதான் இது, நான் கண்டுபிடித்ததல்ல. கிறிஸ்தவர்களை வதைத்த ரோமச் சக்கரவர்த்தியை நினைத்து நடுங்கியவர்களுக்கு எழுதியதை எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போகையில் சோப்பு உறையில் இருந்த பார்கோடு முத்திரையாக இருந்தது. 2021-இல் தடுப்பூசி. இப்போது ரேஷன். இதற்கு நடுவில் காணிக்கைப் பெட்டியில் க்யூஆர் கோடு ஒட்டியாகிவிட்டது, அதில் மிருகம் இல்லை போலிருக்கிறது! அந்த வீடியோவில் வசனம் எடுக்க ஐயா போனைத் திறந்ததும் வலது கட்டைவிரலை வைத்துத்தான். அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் நியாயத்தீர்ப்பு நாள் 2011 மே 21 என்று தேதியே குறித்தார், அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவரும் அறியார் என்ற வசனம் கண்முன் இருக்கும்போதே. ஆனால் அடுத்த வருஷம், தேதி குறித்தது பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்குக்கூட நான் கேட்கவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அம்மா படுத்திருந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனவர் நீங்கள், அதை நான் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். தயவுசெய்து அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். மைக்கில் கொஞ்சம் சத்தமாக, இரண்டு தடவை சொன்னால் நல்லது, அம்மாவுக்கு இடது காது மந்தம். பெண்கள் பக்கம் முதல் பாயில், தூணை ஒட்டி உட்கார்ந்திருப்பார்.

கர்த்தருக்குள் பிரியமான,
உங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன்