‘புரியாவிட்டால் நோ போடுங்கள்’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தேர்தல் சிறப்புப் பக்கங்கள் பளபளவென்று வந்திருந்தன. கலிஃபோர்னியா வாக்காளர்களுக்கென்று போட்டிருந்த கட்டத்தின் கடைசி வரி மட்டும் தொண்டையில் சிக்கிவிட்டது. “எந்த ப்ராப் புரியவில்லையோ அதற்கு நோ போட்டுவிடுங்கள், ஒன்றும் மாறாது.” ப்ராப் என்றால் வாக்குச்சீட்டில் எண்ணிட்டு நம்மிடம் முடிவு கேட்கும் சட்ட முன்மொழிவு. இந்த வரியை எழுதியவர், ஒவ்வொரு ப்ராப்பையும் விளக்கி வீட்டுக்கு வரும் அரசுக் கையேட்டை ஒருமுறையாவது பிரித்திருப்பாரா என்று கேட்கமாட்டேன். உங்களுக்குத் தெரியாததா?

வாக்காளர்களிடம் கையெழுத்துச் சேர்த்துப் புதிதாகக் கொண்டுவரும் ப்ராப் என்றால் அந்த அறிவுரை பாதி சரி. தோற்றால் பழைய சட்டமே தொடரும். ரெஃபரண்டம் அப்படியல்ல. சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநரும் கையெழுத்திட்ட சட்டத்தை, எதிர்ப்பவர்கள் வாக்காளர் கையெழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும் நிறுத்திவைத்துவிட்டு, இது வேண்டுமா என்று நம்மிடம் கேட்பது அது. 2022 வரை நடந்தவற்றில் யெஸ் வென்றால் சட்டம் நீடித்தது, நோ வென்றால் ரத்தானது. 2020-இல் ப்ராப் 25-க்கு நோ அதிகம் விழுந்தது. ரொக்க ஜாமீனை ஒழிக்க 2018-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே செத்தது. அதை விரும்பியவர்கள், வெறுத்தவர்கள் இரு சாராரும் இருந்தார்கள். ஆனால் “ஒன்றும் மாறாது” என்று நம்பி நோ போட்டவர் என்ன செய்தோம் என்று தெரியாமலே செய்தார்.

அடுத்து 2022-இன் ப்ராப் 31, அதுவும் ரெஃபரண்டம்தான். பழச்சுவை, புதினாச் சுவை சேர்த்த புகையிலைப் பொருள்களைக் கடைகளில் விற்கக்கூடாது என்று 2020-இல் சட்டம் வந்தது. புகையிலை நிறுவனங்கள் பணம் இறக்கி, 90 நாள் கெடுவுக்குள் கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் சட்டம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு முடங்கிக் கிடந்தது. கடைசியில் யெஸ் வென்றதால் தப்பியது. இந்தக் குழப்பத்துக்காகவே 2023-இல் ஒரு சட்டம் போட்டு, இனி ரெஃபரண்டம் சீட்டில் யெஸ், நோ கிடையாது, ‘சட்டம் நீடிக்கட்டும்’, ‘சட்டம் ரத்தாகட்டும்’ என்றுதான் அச்சிட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் வாசகர் அடுத்த ரெஃபரண்டத்தில் நோ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

ரெஃபரண்டம் இல்லாத இடத்திலும் நோ மாற்றத்தைக் கொண்டுவரும். கெடு வைத்த சட்டங்கள் இருக்கின்றன. 2012-இல் ப்ராப் 30 உயர் வருமானக்காரர்கள் மீது போட்ட கூடுதல் வரி 2018-உடன் முடிய வேண்டியது. அதை 2030 வரை நீட்டியது 2016-இன் ப்ராப் 55. அன்று நோ வென்றிருந்தால் பள்ளிகளுக்குப் போகும் வருமானம் சரிந்திருக்கும். சும்மா இருந்தாலே காலாவதியாகும் ஒன்றுக்கு “ஒன்றும் மாறாது” என்பது எந்தக் கணக்கு?

நிஜமாகவே புரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். வாக்கு மையத்தில் பணிக்கு நிற்கும் எங்களிடம் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: “எல்லாத்துக்கும் போடலேன்னா சீட்டு செல்லாமப் போயிடுமா?” செல்லும். ஒரு ப்ராப்புக்கு விழுந்த யெஸ், நோ இரண்டை மட்டுமே வைத்து அதன் முடிவைச் சொல்கிறார்கள். விட்ட இடம் எந்தப் பக்கமும் சேராது. இந்த ஒரு வரியைப் போட உங்கள் கட்டத்தில் இடமில்லை, நடிகர் ஓட்டுப்போட்ட படத்துக்கு இருந்தது.

பழையதையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் மாநிலம் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டக் கேட்ட ப்ராப் 2, ப்ராப் 4 இரண்டையும் “வரி உயர்வு இல்லாத 1000 கோடி டாலர்” என்று போட்டீர்கள். மாநிலக் கடன் பத்திரத்துக்குத் தனி வரி இல்லைதான், ஆனால் பொது நிதியிலிருந்து வட்டியோடு கட்டவேண்டும். ஒவ்வொரு ப்ராப்பின் செலவையும் கணக்கிடும் சட்டமன்ற ஆய்வாளர் எழுதியதே கையேட்டில் இருக்கிறது: பள்ளிக் கட்டடங்களுக்கான ப்ராப் 2-க்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி, 35 ஆண்டுகள். தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலைக்கான ப்ராப் 4-க்கு ஆண்டுக்கு 40 கோடி, 40 ஆண்டுகள். பெருக்கிப் பார்த்தால் 1750 கோடியும் 1600 கோடியும் வரும். அதற்கு மேல், அதே சீட்டில் இருந்த உள்ளூர்ப் பள்ளி மாவட்டக் கடன் பத்திரத்தையும் இதே தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டீர்கள். அது சொத்துவரி பில்லில் நேராக ஏறும். ஒவ்வொரு 1,00,000 டாலர் மதிப்பீட்டுக்கும் எத்தனை டாலர் என்பதை கவுண்டி நிர்வாகம் அனுப்பும் கையேட்டின் வரி விகித அறிக்கையில் பார்க்கலாம். வீடு வைத்திருக்கும் வாசகருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

அதற்கும் முந்தைய தேர்தலில், யாருக்கு, எதற்கு ஓட்டுப் போடலாம் என்று பட்டியலிட்டுத் தபாலில் வரும் வழவழ அட்டை ஒன்றை “கட்சியின் பரிந்துரை” என்று அப்படியே எடுத்துப் போட்டீர்கள். அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில், இது அதிகாரபூர்வக் கட்சி அமைப்பு அல்ல என்றும், நட்சத்திரக் குறியிட்டவை காசு கொடுத்து இடம் பிடித்தவை என்றும் இருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும். உங்கள் பக்கத்தில் நட்சத்திரங்கள் மட்டும் உதிர்ந்துபோயின.

செயலி வழி வேலை செய்யும் ஓட்டுநர்களை ஊழியர்களாக அல்லாமல் ஒப்பந்தக்காரர்களாகவே வைத்த 2020-இன் ப்ராப் 22-ஐ “ஓட்டுநர்களே கொண்டுவந்த சட்டம்” என்று எழுதியதும் நீங்கள்தானே? ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் வகையறாக்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டிய சட்டம் அது. அதைத் திருத்தச் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதியையும் உள்ளே வைத்து எழுதியிருந்தார்கள்.

யார் பணம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1988-இல் காப்பீடு பற்றி ஐந்து ப்ராப் ஒரே சீட்டில் வந்தன, ப்ராப் 103 மட்டும் வென்றது. ஆர்தர் லூபியா என்ற அரசியல் அறிஞர் லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்களிடம் கேட்டு 1994-இல் வெளியிட்ட ஆய்வில், விவரம் அதிகம் தெரியாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள், எல்லாம் படித்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். குழுவின் பெயரை மட்டும் நம்பக்கூடாது. 2022-இல் இணைய விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கோரிய ப்ராப் 27-க்கு யெஸ் கேட்ட குழுவின் பெயரில் வீடற்றோரும் மனநலமும் இருந்தன, பணம் கொடுத்தவை இணையப் பந்தய நிறுவனங்கள். விளம்பரத்தின் கடைசியில் பெரிய நன்கொடையாளர் மூவரின் பெயர் வரும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

கையேட்டிலும் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மதிப்பில்லை. முன்பக்கச் சுருக்கத்தில் யெஸ் என்றால் என்ன நடக்கும், நோ என்றால் என்ன நடக்கும் என்ற இரண்டு பத்தி. அடுத்து ஆய்வாளரின் செலவுக் கணக்கு. ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் கடைசியில். அவை எழுதியவர்களின் கருத்து, எந்த அரசு அலுவலகமும் சரிபார்க்கவில்லை என்று அந்தப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் சிறப்புப் பக்கத்தின் முக்கால்வாசியும் அந்த வாதங்களின் தமிழாக்கம்தான்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம், பின் அட்டை உள்பக்கத்தில் வேண்டாம், அதே தேர்தல் பக்கத்தில். கூடவே, ஒவ்வொரு ப்ராப்புக்கும் யெஸ் போட்டால் என்ன, நோ போட்டால் என்ன, இரு பக்கமும் பெரிய நன்கொடையாளர் யார் என்று நான்கு நெடுவரிசையில் ஓர் அட்டவணை. தபால் வாக்குச்சீட்டு தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வரத் தொடங்கிவிடும் என்பதால், நவம்பர் இதழில் போட்டுப் பயனில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா