கேம்பாயோடு அனுப்பும் கடிதம்

சுங்கை சிப்புட்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலமா கண்ணு? சொந்த நிறுவனத்துக்கே விளையாட்டு உருவாக்கும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றாய். அப்படியென்றால் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோவின் ஆர் அண்ட் டி 1 என்ற ஆய்வு, உருவாக்கப் பிரிவை நீ அறிந்திருக்க வேண்டும். பொட்டலத்தில் உள்ள பழைய கேம்பாய் என்ற கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவி அவர்கள் கைவேலைதான்.

பிரிவின் தலைவர் குன்பெய் யோகோய். 1965-இல் சீட்டுக்கட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்தவர். விலை மலிந்து, கோளாறெல்லாம் தெரிந்துபோன பாகத்தை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் பொருத்துவதுதான் அவர் வழி. 1980-இல் வந்த கேம் அண்ட் வாட்ச் என்ற சட்டைப்பை விளையாட்டுக் கருவியின் உள்ளே கால்குலேட்டர் வகைத் திரையும் சில்லும்தான் இருந்தன.

அந்த வரிசையில் 1982-இல் வந்த டாங்கி காங் கருவி மடக்கு வகை. திசைக்குக் குச்சி (ஜாய்ஸ்டிக்) வைத்தால் மூடாது. அதற்காகப் பிறந்ததுதான் சிலுவைப் பொத்தான். கேம்பாயைப் பிரிக்கும்போது அதில் உள்ள சிலுவைப் பொத்தானின் அடியைத் திருப்பிப் பார். நடுவில் ஒரு சிறு முட்டு இருக்கும். ஒரு முனையை அழுத்தினால் எதிர்முனை மேலெழும்பும். இடதும் வலதும் சேர்ந்து பதியாது. பார்க்காமலே விரலுக்குத் திசை தெரியும்.

கேம்பாய் 1989-இல் வந்தது. திரை 160க்கு 144 புள்ளி, நான்கே சாயல், பின்விளக்கு இல்லை. நான்கு ஏஏ பேட்டரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்த செகா நிறுவனத்தின் கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்திலேயே தின்று தீர்த்தது. பின்விளக்கைத் தவிர்த்தது சரியான முடிவு என்றே அப்பா சொல்வேன். யோகோய் நினைத்தது எளிய பொம்மைதான். நீண்ட நாள் நிற்கும் கருவியாக வேண்டும் என்று அவரிடமே வாதாடியவர் அவருக்குக் கீழிருந்த சடோரு ஒகாடா. இதை மறக்காதே அம்மா.

1995-இல் வந்த முப்பரிமாணக் காட்சிக் கருவியான விர்ச்சுவல் பாயில் அதே வழி சறுக்கியது. சிவப்பு எல்.இ.டி மலிவுதான், ஆனால் மேசையில் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும், கண் வலித்தது. மறு ஆண்டு யோகோய் விலகினார். 2000-களின் நடுவில் பிரிவையும் கலைத்து மற்றவற்றோடு சேர்த்துவிட்டார்கள்.

கேம்பாய், விர்ச்சுவல் பாய் இரண்டிலும் பின்னாளில் கெடுவது ஒரே இடம்: திரைக்குப் போகும் பட்டைக் கம்பியின் பசை ஒட்டு. உன் கேம்பாயில் இரண்டு செங்குத்துக் கோடுகள் மறைந்திருப்பதும் அதனால்தான். வெளியே ஆறு மூன்றிதழ்த் திருகுகள் (தலையில் Y வடிவப் பள்ளம் உள்ளவை), அதில் இரண்டு பேட்டரிக் குழியில். திறந்ததும் வெடுக்கென்று இழுக்காதே. இரு பாதியையும் ஒரு பட்டைக் கம்பி இணைக்கிறது. திரைக்குக் கீழே உள்ள ரப்பர் பட்டையை விலக்கி, கருவியை ஓடவிட்டபடி, குறைந்த சூட்டில் சால்டரிங் முனையைப் பட்டைமேல் மெதுவாக நகர்த்து. கோடு திரும்பியதும் நிறுத்து. அதிகச் சூடு, அழுத்தம் இரண்டும் நல்ல கோட்டையும் போக்கிவிடும். படுக்கைக் கோடு மறைந்தால் பக்கவாட்டுப் பட்டை. அதைத் தொடாதே, ஊருக்கு வரும்போது கொண்டு வா.

பேட்டரித் தகட்டில் வெள்ளைப் பூப்பு இருந்தால் காடியில் (வினிகர்) நனைத்த பஞ்சால் துடை. கசிந்தது காரம், காடி அதை முறிக்கும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடு. விளையாடாத நாளில் பேட்டரியைக் கழற்றி வை.

அன்புடன்,
அப்பா