வாடகையில்லா லயமும் சொந்த வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சொந்த வீடுதான் சாமானியனின் பெரிய சேமிப்பு என்று நிதி ஆலோசகர்கள் எழுதுகிறார்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற எனக்கு அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு தரச் சொன்னது; நிர்வாகம் லயத்தை, அதாவது ஒட்டியொட்டி வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீட்டைத் தந்தது. வாடகை இல்லை, உண்மைதான். ஆனால் எத்தனை தலைமுறை உழைத்தாலும் அதில் ஒரு செங்கல்கூட நம்முடையது ஆகாது. ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை என்று எங்கள் தோட்டத்தில் இழுத்தடித்தார்கள். பணிக்கொடை என்ன, சலுகையா? ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி, நாம் சம்பாதித்தது!

போடிக்குப் போன என் நாத்தனார் அந்தக் காலத்திலேயே இரண்டு சென்ட் வாங்கிப் போட்டார். மகளின் நர்சிங் படிப்புக்கு அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் வங்கியில் கடன் வாங்கினார். என்னிடம் அடகு வைக்கக் கம்மல் மட்டுமே இருந்தது.

2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணில் புதைந்து எழுபது பேர் போனார்கள். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன. நிலம் பெற நிலச்சரிவு வர வேண்டுமா?

கேரள அரசின் லைஃப் திட்டம் வீடு கட்ட நான்கு லட்சம் தருகிறது. மனை இல்லாதவர் அதை எங்கே கட்டுவது? பணியில் இருக்கும்போதே தொழிலாளி பெயரில், பெண்ணானால் அவள் பெயரிலேயே, மூன்று சென்ட் பட்டா கொடுங்கள். வீட்டுக்கு வாங்கும் கடனை நாங்கள் கட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
மூணாறு